புருவம் கேட்காத சாமி

என் அறையில் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறது. பவுடர் டப்பா, பொட்டு அட்டை, பாதி தீர்ந்த தைலப் புட்டி இவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். அதன் அடியில் சந்தனம் காய்ந்து, வெடித்து, ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது பாத்திரம் கழுவித் தருகிறேன் என்று அதையும் சேர்த்து எடுத்தால் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிடுவேன். ஏதோ சாமி சமாசாரம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சாமி சமாசாரம்தான், ஆனால் அவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அந்தக் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துத்தான் நானும் என் அண்ணியும் ஒரு தெருவையே ஏமாற்றப் பார்த்தோம்.

நான் திருப்பதியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு லாட்ஜில் வேலை செய்கிறேன். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வது, இதுதான் வேலை. முந்தின நாள் தலை நிறைய முடியோடு சாவியைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனவர்கள் மறுநாள் மொட்டையும் சந்தனமுமாக வந்து நின்றால், ஒரு நிமிஷம் யாரென்று தெரியாமல் விழிப்பேன். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த மொட்டைகளுக்குக் கணக்கே கிடையாது. கத்தி பட்டுக் கீறிய மொட்டை, குளிருக்குத் துண்டு சுற்றிய மொட்டை, அழுது மூக்கு ஒழுகும் குழந்தை மொட்டை. மொட்டை விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்புதான் காலை வாரிவிட்டது.

அண்ணி விஜயபுரம் பக்கத்திலிருந்து, நெல்லும் கடலையும் போடுகிற குடும்பத்திலிருந்து, நகரியில் தறி ஓட்டுகிற எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். எனக்கும் அவளுக்கும் நாலைந்து வயசுதான் வித்தியாசம் என்பதால் வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். அவள் என்னை இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். வந்த புதிதில் பவர்லூம் சத்தத்துக்கு மிரண்டுபோய், காதில் துணியை அடைத்துக்கொண்டு சமைத்தாள். ஒரே வருஷத்தில் அந்தச் சத்தத்தையும் மீறிப் பேசுகிற குரல் அவளுக்கு வந்துவிட்டது. பிறகு அந்தக் குரலை எங்கேயும் இறக்கவே இல்லை. துக்க வீட்டில் ரகசியம் பேசினாலும் வாசல்வரைக்கும் கேட்கும். காய்கறிக்காரன் அவளிடம் பேரம் பேச முடியாமல் எங்கள் தெருவையே சுற்றிக்கொண்டு போவான். இப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை மட்டும் மாசக்கணக்கில் வாயைத் திறக்காமல் வைத்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

இடது மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை, அதனால் பேசவில்லை. நாள் முழுவதும் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றுகிறோம், நூல் கண்டை இழுத்து இழுத்துச் சதை பிடித்துக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவள் மகள்தான், குளித்துவிட்டு வரும்போது அம்மா கையைத் தூக்க முடியாமல் ரவிக்கை மாட்டுவதைப் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டாள். மறுநாளே திருப்பதிக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு டாக்டர் தெலுங்கில் நிதானமாக, நல்லபடியாகத்தான் எடுத்துச் சொன்னார். சீக்கிரமே வந்துவிட்டீர்கள், ஆபரேஷன் செய்து, அப்புறம் கீமோ முழுவதும் போட்டால் குணமாகிற வாய்ப்பு அதிகம், ஆனால் பாதியில் மட்டும் நிறுத்தக்கூடாது என்றார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் காதில் வியாதியின் பெயரைத் தவிர வேறு எதுவும் விழவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் அண்ணி சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "தெருவுல யாருக்கும் தெரியக்கூடாது பாப்பா. பொண்ணுக்குப் புத்தூர்ல பேசிக்கினு கீறோம்."

புத்தூரில் ஒரு பையன் வீட்டார் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய், நல்ல பதிலுக்கு நாங்கள் காத்திருந்த நேரம் அது. தாய்க்கு இந்த வியாதி என்று தெரிந்தால், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள் என்பது அவள் பயம். வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அப்படி நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. ஆக, தெருவுக்கு ஒரு கதை சொன்னோம். திருப்பதியில் எனக்கு உடம்பு சரியில்லை, சமைத்துப்போட ஆளில்லை, அண்ணி அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறாள். நான் கல்லுக்குண்டு மாதிரி லாட்ஜில் உட்கார்ந்திருக்க, நகரியில் எனக்காகப் பலபேர் உச்சுக்கொட்டியிருக்கிறார்கள்.

ஆபரேஷனும் கீமோ மருந்தும் அரசாங்கத்து வைத்திய அட்டையில் நடந்தன. அந்த அட்டை இல்லாவிட்டால் நாங்கள் எழுந்தே இருக்க முடியாது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் வியாதி அட்டைக்கு வெளியேயும் செலவு வைத்தது. அட்டைக்குள் வராத சில பரிசோதனைகள், ரத்த அணு குறைந்தபோது போட்ட ஊசி, வாய்ப்புண்ணுக்கு மருந்து, இளநீர், முட்டை, பஸ்ஸில் உட்கார முடியாத நாட்களில் ஆட்டோ. இதெல்லாம் சொட்டுச் சொட்டாகப் போகிற பணம். கை கடித்தபோது கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? எதற்கென்று சொல்லாமல் எத்தனை பேரிடம் கடன் கேட்க முடியும்? மறைத்ததில் எங்களுக்குக் கிடைத்த முதல் தண்டனை அதுதான். எங்களை நேசிக்கிற அத்தனை பேரையும் நாங்களே வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

முடி கொட்ட ஆரம்பித்தது என் அறையில் தங்கியிருந்தபோது. தலையணையில், சோற்றில், குளியலறைச் சல்லடையில் எங்கே பார்த்தாலும் முடி. அண்ணி அழுவாள் என்று பயந்து நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கொத்து முடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எப்போதும்போல ஊர் அதிரச் சிரித்தாள்.

"பாப்பா, திருப்பதிலேந்து மொட்டையா போனா எவனாச்சும் ஏன்னு கேப்பானா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் நானும் சிரித்துவிட்டேன். ஊர் உலகத்தில் மொட்டைக்குக் காரணம் கேட்காத ஒரே இடத்தில் நாங்கள் இருக்கிறோம்! மிச்சம் இருந்ததை லாட்ஜுக்குப் பக்கத்துத் தெரு நாவிதரை வரவழைத்து வழித்துவிட்டோம். கடையில் சந்தனப்பொடி வாங்கி, அந்தக் கிண்ணத்தில் குழைத்து, நானே அவள் தலையில் பூசினேன். எவ்வளவு கனமாகப் பூசுவார்கள், காதோரம் எப்படி வழிந்து காயும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அப்படியே கோயில் மொட்ட!" என்று மெச்சிக்கொண்டாள். நகரி பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து சீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, தரிசனம் நன்றாகக் கிடைத்ததா என்று கேட்டாராம். திவ்யமாகக் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறாள்.

தலையைப் பற்றி யோசித்த நாங்கள் லட்டைப் பற்றி யோசிக்கவில்லை. மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவள் கையை வீசிக்கொண்டு வருவாளா? தெருவில் கால் வைத்ததும் எதிர்வீட்டு அக்கா கையை நீட்டிவிட்டாள். "எங்கடி என் லட்டு?"

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் அவள் வீட்டுக்காரரும் எங்களைப் போலவே இரண்டு தறி வைத்து ஓட்டுகிறவர்கள். அவள் காதில் காலையில் விழுந்த சேதி மத்தியானச் சாப்பாட்டுக்குள் புத்தூர் போய்ச் சேர்ந்துவிடும் என்பார்கள். நாங்கள் இந்த நாடகம் முழுவதையும் போட்டதே அவள் ஒருத்திக்காகத்தான் என்றாலும் தப்பில்லை. லட்டு நாளைக்கு வருகிறது, பாப்பாவிடம் மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்று அண்ணி சமாளித்திருக்கிறாள். எனக்கு போன் வந்தது. அன்றைக்கு லாட்ஜில் அறையைக் காலி செய்கிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டி, வீட்டில் உடம்பு சரியில்லாதவர்கள் இருக்கிறார்கள், பிரசாதம் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டு வாங்கினேன். நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். ஒவ்வொரு தடவை அண்ணி ஊருக்குப் போகும்போதும் சந்தனம் என் வேலை, லட்டும் என் வேலை என்று ஆயிற்று. இரண்டாவது தடவை, வேண்டுதல் பெரிசு, மறுபடியும் மொட்டை போட்டேன் என்று சொன்னாள். தெரு நம்பியது. அல்லது நம்பியது என்று நாங்கள் நம்பினோம்.

சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, அந்த நாட்கள் அப்படி இல்லை. ஒவ்வொரு கீமோவுக்கும் அண்ணன் கூடவே வருவான். அவன் வருகிற நாளெல்லாம் தறி நின்றுவிடும். மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டே தார் சுற்றித் தருவாள், ஆனால் தறியை அவளால் தனியாகச் சமாளிக்க முடியாது. துண்டு நெய்யப் பாவு நூல் கொடுக்கிற முதலாளி இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை, சொன்ன நாளில் துணி வராவிட்டால் பாவை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவேன் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. பாவு இல்லாத தறி வீட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற இரும்புதான். அண்ணன் ஒரு தறியை விற்றுவிட ஆள் பார்க்க ஆரம்பித்தான். அது அண்ணிக்கும் தெரிந்துபோயிற்று. மறுநாள் எனக்கு போன் செய்து, அவளுக்கு வராத மெல்லிய குரலில் சொன்னாள்.

"போட்ட வரிக்கும் போதும் பாப்பா. கட்டிய எடுத்தாச்சு. இனிமே ஆஸ்பத்திரிக்கு வரல. தறிய வித்துட்டு நான் பொழச்சி, அப்புறம் உங்கண்ணனும் பொண்ணும் இன்னா துன்னுவாங்க?"

டாக்டர் சொன்னது என் காதில் மணியடித்தது. பாதியில் மட்டும் நிறுத்தக்கூடாது. லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே நகரிக்கு பஸ் ஏறினேன். திட்டினேன், கெஞ்சினேன், அழுதேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் நின்றுபோன தறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்தாள். கூப்பிடாமல் வருகிறவள்தான், அன்றைக்கு மட்டும் வந்தவள் அண்ணி முகத்தையே பார்த்தாள். அண்ணி அவசரமாக முந்தானையைத் தலைமேல் இழுத்து, "வாக்கா, மொட்ட போட்டுக்கினது வெயில்ல எரியுது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள்.

அக்கா நேராகப் போய் அவள் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"சாமி முடிய கேப்பாரு, சரி. எந்தச் சாமிடி புருவத்த கேக்குது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவ்வளவு நாளும் அந்த முகத்துக்கு மேலேயே சந்தனம் பூசியிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. இரண்டு புருவமும் இல்லை. இமை முடியும் இல்லை. தலையை மட்டும் பார்த்துப் பழகிய என் லாட்ஜ் புத்திக்கு நெற்றிக்குக் கீழே ஒரு முகம் இருப்பது தெரியவே இல்லை. மைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தாலாவது தப்பித்திருப்போம்.

அண்ணி புளிக் கையோடு அப்படியே அக்கா இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அத்தனை நாளும் அழாதவள், தறி ஓடினால்கூடக் கேட்கிற குரலில் அழுதாள். அக்கா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டாள். அண்ணன்தான் எல்லாவற்றையும் சொன்னான், தறியை விற்கப் பார்ப்பதுவரை. கேட்டுக்கொண்டு அக்கா போய்விட்டாள். அவள் தெருவில் இறங்கினதும் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிது. புத்தூருக்கு இப்பவே போயிருக்கும்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை, அதற்காகவாவது இந்த ஒரு தடவை வா என்று சொல்லி இழுக்காத குறையாக அவளைத் திருப்பதிக்குக் கூட்டிவந்தேன். வரமாட்டேன் என்று சண்டை போடுகிற தெம்புகூட அவளுக்கு அன்றைக்கு இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டாளா என்று கேட்க மகளுக்கு போன் போட்டாள். நர்ஸ் மெதுவாகப் பேசச் சொன்னதால் போனை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் ஏதோ சொல்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஒரே இரைச்சல். தடக் தடக் என்று நாடா ஓடுகிற சத்தம். அண்ணிக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. தன் வீட்டுத் தறியின் சத்தம் யாருக்குத் தெரியாது? ஒரு தறி அல்ல, இரண்டும் ஓடுகின்றன. அண்ணனோ இங்கே, எங்கள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான்.

"யாருடி தறி ஓட்டறது?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

"எதிர்வீட்டுப் பெரிம்மாதாம்மா! அவங்க தறிய பெரிப்பா பாத்துக்கினு கீறாரு. பெரிம்மா காலைலேந்து இங்கதான். நாளிக்கி மூணாவது வீட்டு மாமா வராராம். தெருவுல முற வெச்சிக்கினாங்கம்மா!"

அக்கா வழக்கம்போல எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தாள். எந்த வாய்க்குப் பயந்து அத்தனை சந்தனம் குழைத்தோமோ அந்த வாய்தான் ஒரே சாயங்காலத்தில் தெருவைக் கூட்டியிருக்கிறது. எங்கள் தெருவில் யாரிடமும் ரொக்கம் கிடையாது. கொடுக்கக் கூடியது கையும் காலும்தான், அதைக் கொடுத்தார்கள். அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அண்ணி போனைக் காதிலிருந்து எடுக்கவே விடவில்லை. மகள் பேசி முடித்த பிறகும், "வெக்காத, அப்பிடியே வெச்சிக்கினு இரு" என்று சொல்லி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "ஏமைந்தம்மா?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டவளிடம் அண்ணி கண்ணீரோடு, "பாக்கி எத்தினி ஊசிம்மா? எல்லாத்தயும் போட்ரு" என்றாள்.

போட்டார்கள். பாவு எங்கள் வீட்டிலேயே இருந்தது, தறியும் இருந்தது. புத்தூர்க்காரர்கள் மட்டும் பதில் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். அது வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மகள்தான் எங்களைவிடத் தெளிவாக இருந்தாள். "காச்ச வந்தா ஓடிப்போறவங்க வூட்டுக்கு நான் ஏன் அத்த போணும்?" என்று என்னிடம் கேட்டாள். இப்போது சித்தூரில் வேலை பார்க்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் அம்மா மாதிரியே குரலை உயர்த்துகிறாள்.

வைத்தியம் முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, முடி வளர ஆரம்பித்தது. முன்னே இருந்த மாதிரி இல்லை, சுருட்டையாக, கருகருவென்று. அது தோள்வரைக்கும் வந்து, பரிசோதனைகளும் நல்லபடியாக வந்துகொண்டிருந்த சமயத்தில், ஒரு நாள் என் லாட்ஜ் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள் அண்ணி.

"மலைக்குப் போலாம் வா. மொட்ட போடணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்போதுதானே முளைத்தது, நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூ முடி கொடுத்தால் போதும் என்றேன். அவள் விடவில்லை. "அவரு பேர சொல்லி எத்தினி பொய் சொன்னேன்? ஒரு வார்த்த கேட்டாரா? நிசமா ஒண்ணு குடுத்தாதான் எனக்குத் தூக்கம் வரும்."

கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். மொட்டை போடுகிற கல்யாணகட்டையில் எங்களுக்கு வாய்த்தது ஒரு நடுவயசுப் பெண். அண்ணியின் தலையை நனைத்துக்கொண்டே, முதல் தடவையா என்று தெலுங்கில் கேட்டாள். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "எங்க தெருவுல கேட்டா வேற கணக்கு சொல்வாங்க. இவரு கணக்குல இதான் மொதல்" என்று தமிழில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு புரிந்ததோ, சிரித்துக்கொண்டே கத்தியை வைத்தாள். சுருள் சுருளாக முடி மடியில் விழுந்தது. தலையணையில் உதிர்ந்து கிடந்ததைப் பார்க்க முடியாமல் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். இன்றைக்குக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அது யாரோ பிடுங்கிக்கொண்டு போன முடி. இது அவளாகக் கொடுக்கிற முடி. குளித்துவிட்டு வந்ததும் அதே கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, அதே விரலால் பூசினேன். தரிசனம் முடித்து, வரிசையில் நின்று, எங்கள் கையாலேயே லட்டு வாங்கினோம்.

நகரிக்கு நானும் கூடப் போனேன். கிண்ணம் என் பையில் இருந்தது, கழுவ நேரமில்லை. பிறகு கழுவத் தோன்றவுமில்லை, அதுதான் அன்றிலிருந்து அப்படியே என் பலகையில் இருக்கிறது. தெருவுக்குள் நுழைந்தபோது சாயங்கால வெயில், எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். மொட்டையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. அண்ணியின் தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பினாள். கட்டைவிரலால் ஒரு புருவத்தைத் தடவினாள். பிறகு இன்னொன்றை. இரண்டும் கருப்பாக, அடர்த்தியாக, இருந்த இடத்திலேயே இருந்தன.

அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அந்தக் கையையே நீட்டினாள்.

"எங்கடி என் லட்டு?"